பச்சை விளக்கு எரிந்த பதினொரு நாட்கள்

புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகள் யோசனை கேட்டு வந்தால், முதலில் வயிறாரச் சாப்பிடச் சொல்வேன், மேடம். பசியோடு எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். அன்றைக்கு நான் பாங்குக் களியும் வறுத்த மீனும் நன்றாகவே சாப்பிட்டிருந்தேன். அதனால் நிதானம் தவறிச் செய்தான் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுத வேண்டியதில்லை.

கம்பெனியில் இரண்டே பேர், நானும் செனமும். ஹோ ஊரில் ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கருவி செய்வதில் அவள் கெட்டிக்காரி. பேசுவது என் வேலை. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் மருந்து வைக்கிற குளிர்பெட்டிக்குள் மாட்டும் சின்னக் கருவி அது. பேட்டரியில் ஓடும். போதிய குளிர் இருந்தால் பச்சை விளக்கு. குறைந்தால் சிவப்பு எரிந்து அலறும். பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிற ஊசிமருந்து, சூடுபட்டால் வீணாகிவிடும். அதற்காகத்தான் இவ்வளவும்.

பதினாலு ஆஸ்பத்திரிகளில் மாட்டினோம். கருவி ஓயாமல் அலறியது, பாதி நேரம் காரணமே இல்லாமல். நர்சுகள் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டார்கள். வாடிக்கையாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் கேட்டேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது அமைதி.

தலைநகர் அக்ராவிலிருந்து முதலீட்டாளர்கள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது.

“இன்னும் ரெண்டு மாசம் குடு, எடெம். சென்சாரையே மாத்தணும்,” என்றாள் செனம்.

“ரெண்டு மாசத்துல நாம கடைக்கு மேல இருக்க மாட்டோம், தெருவுல இருப்போம்.”

“பொய் சொல்ற பெட்டிய விக்கிறதுக்குப் பதிலா, நீ சந்தையில மாம்பழம் விக்கலாம்டா. அங்கயாவது அழுகினது கண்ணுக்குத் தெரியும்.”

இருவரும் சிரித்தோம். அவள் அக்கா கல்யாணத்துக்குக் குமாசி போன வெள்ளிக்கிழமை, நான் அறையில் இருந்தபடியே எல்லாக் கருவிகளின் நிரலிலும் இரண்டு வரி சேர்த்தேன். குளிர் குறைந்தால் அதை நம்பாமல், கடைசியாகக் கிடைத்த நல்ல அளவையே காட்டும்படி. அதன்பிறகு பதினாலு ஊரிலும் பச்சைதான். நர்சுகள் மறுபடி பெட்டிக்குள் மாட்டி, நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்கள்.

முதலீட்டாளர்கள் வர இன்னும் பதினொரு நாள் இருந்தபோது, மலைக்கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து சிஸ்டர் மவூசி போன் செய்தார்.

“தம்பி, மூணு நாளா கரண்ட் இல்ல. பெட்டிக்குள்ள கை விட்டா வெதுவெதுன்னு இருக்கு. உங்க விளக்கு மட்டும் பச்சையா எரியுது. நேத்து ஒரு பொண்ணுக்கு ஊசி போட்டோம், ரத்தம் நிக்கவே இல்ல. போயிட்டா. மருந்தக் கொட்டிடவா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவரிடம் சொன்னால் பதினாலு பேரிடமும் சொல்ல வேண்டும்.

“கைய நம்பாதீங்க, சிஸ்டர். பச்சை எரிஞ்சா மருந்து நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“படிச்ச பிள்ளை நீ. நீ சொன்னா சரி,” என்று வைத்துவிட்டார். இறந்த பெண்ணின் வீட்டுக்குத் துக்கத் துணி எடுத்து அனுப்பினேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினொரு நாளில் இன்னும் மூன்று பெண்கள். முதலீட்டாளர்கள் வந்தார்கள், பச்சை விளக்கைப் படமெடுத்தார்கள், கைகுலுக்கினார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். எடுத்ததை செனம் பார்த்துவிட்டாள்.

“இது எப்பப் போட்டது?” என்றாள். உடனே மவூசி சிஸ்டருக்குப் போன் போட்டுப் பேசினாள். “மருந்தக் கொட்டிடவான்னு சிஸ்டர் உன்கிட்டதானே கேட்டாங்க?” என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். அவள் நடந்து வருவதற்குள், அந்த வரிகளை அவள் எழுதியதாகக் கம்ப்யூட்டர் பதிவை மாற்றிவிட்டேன். அதைப் பார்த்து, புகார் கொடுக்க வந்தவளையே நீங்கள் உள்ளே வைத்தீர்கள். பத்தொன்பது நாளாகிறது.

ஊசிமருந்து சூடானது தெரியும். பெண்கள் சாவார்கள் என்றும் தெரியும். வரிகள் என்னுடையவை. எங்கே காட்ட வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் செனமை இன்றைக்கே விட்டுவிடுங்கள், மேடம். சென்சாரைச் சரிசெய்ய அவளை விட்டால் ஆளில்லை. நான் ஜாமீனில் வந்ததும் வேலையைத் தொடங்க வேண்டும். பதினாலு ஊர்ப் பெண்கள் எங்களை நம்பி இருக்கிறார்கள்.