கம்பத்தில் கோளாறு இல்லை

மணி மத்தியானம் இரண்டே முக்கால். பேய்க் கதைக்கு இது ஒரு நேரமா என்று சிரிக்காதீர்கள்... கேட்டு முடித்துவிட்டு தனியாகப் படுக்கப் போங்கள், பார்ப்போம். அந்தப் போர்வையை இந்தப் பக்கமும் கொஞ்சம் இழுத்துவிடு.

புதுச் சாலை. இரண்டு பக்கமும் பாதியில் நிறுத்திய வீடுகள். ஒரு நாய்கூட இல்லை. தார் உருகும் வாசனை. அதில் பைக்கில் தனியாகப் போனவர் என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரர். அவன் அத்தான் என்பான். நாமும் அத்தான் என்றே வைத்துக்கொள்வோம். வீடுகளில் இன்டர்நெட் பழுது பார்க்கிற வேலை.

அத்தான் நல்ல வேலைக்காரர், குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வாரத்தில் சேர்ந்த இன்னொருவன் இருந்தான். ஆள் உயரம், அதனால் நெட்டை என்று பெயர். அத்தான் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிய வீட்டில் நெட்டை போய் நின்றாலே போதும், பச்சை விளக்கு எரியும். வாடிக்கையாளர்கள் போன் பண்ணி, "அந்த உயரமானவரையே அனுப்புங்க" என்பார்கள். கதவைத் திறந்து அத்தானைப் பார்த்ததும், "ஓ, நீங்களா..." என்பார்கள். அந்த "ஓ" இருக்கிறதே, அதைக் கேட்கக் கேட்க அவருக்கு வயிறு எரிந்தது.

எரிகிற வயிறு சும்மா இருக்குமா? ஒரு வேலை செய்தார்.

இன்டர்நெட்டில் எல்லாம் சின்னச் சின்னப் பார்சலாகத்தான் வருமாம். பார்சல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ரவுட்டருக்குள் ஓர் எண் இருக்கும். அதில் எட்டு கூட்டிவிட்டால் போதும். சின்னப் பார்சல் வந்துவிடும், பெரியது வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். சில வெப்சைட் திறக்கும், சிலது திறக்காது. ஏன் என்று ஒருத்தருக்கும் பிடிபடாது. நெட்டை வேலை முடித்துப் போன வீடுகளுக்கு, "சும்மா செக் பண்ண வந்தேன்" என்று அத்தான் பின்னாலேயே போனார். பதினொரு வீடு. பதினொன்றிலும் எட்டு கூட்டினார்.

புகார் குவிந்தது. எல்லாம் நெட்டை பேரில். அவன் தூக்கமில்லாமல் அலைந்தான். ஒரு மழை நாளில், வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறதே, அப்படியானால் கோளாறு வெளியே கம்பத்தில்தான் என்று ஏறினான். ஈரக் கம்பம்... வழுக்கியது. அவ்வளவுதான்.

அத்தான் அழுதார். பொய் அழுகை இல்லை. ஆனால் மறுநாளே, இனிமேல் நம்மைத்தானே கேட்பார்கள் என்றும் ஒரு நினைப்பு வந்தது. மனசு அப்படித்தான்.

அந்த மத்தியானம் அவர் போனது ஒரு டீச்சர் வீட்டுக்கு. பதினொன்றில் அதுவும் ஒன்று. எண்ணைப் பழையபடி மாற்றுவோம், நல்ல பேர் வாங்குவோம் என்று போனார். மணி அடித்தார்.

"ஓ... இப்பதானே ஒருத்தர் வந்து சரி பண்ணிட்டுப் போனார்?" என்றார் டீச்சர்.

"யாருங்க?"

"நல்ல உயரம். குனிஞ்சுதான் உள்ள வந்தார். என்ன பொறுமை, என்ன மரியாதை! ஆனா பாருங்க, இந்த வெயில்ல எப்படியோ தொப்பலா நனைஞ்சிருந்தார்."

தரையில் ஈரம். வாசலில் இருந்து ரவுட்டர் வரைக்கும் ஒரே வரிசை. வீடெல்லாம் நனைந்த இரும்பு வாசனை. அத்தான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். எண் சரியாக இருந்தது.

நீயா இருந்தால் என்ன செய்வாய்? ஓடுவாய். நானும் ஓடுவேன். அத்தானுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. செத்தும் பேர் வாங்குகிறானே பாவி! டீச்சர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அந்த இடைவெளியில் அத்தான்... மறுபடியும் எட்டு கூட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "காலையில இருந்து நம்ம நெட்டும் மக்கர் பண்ணுது. தேடினா பேர் வருது, தொட்டா சிலது மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு."

எண்ணைப் பார்த்தார். சரி. ரவுட்டரை அணைத்துப் போட்டார். ஒயரை மாற்றினார். கம்ப்யூட்டரில் பார்த்தார், போனில் பார்த்தார். எல்லாம் சரி... ஆனால் திறக்கவில்லை. வெளியே தூறல் போட ஆரம்பித்தது.

"உங்களால ஆகலைன்னா விடுங்க. மதியமே கம்ப்ளைன்ட் போட்டுட்டேன், வேற யாராவது வருவாங்க."

வேற யாராவது. கட்டினவளே சொல்கிறாள்! "எவனும் வர வேண்டாம், நானே பாக்கறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தெருக் கம்பத்துக்குப் போனார்.

ஏறினார். க்ரீச்... க்ரீச்... என்று இரும்பு முனகியது. உச்சியில் இருந்த பெட்டியைத் திறக்கக் கை நீட்டினார். மேலே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. ஈரக் கை. காதருகில் ஒரு குரல், ரொம்பப் பொறுமையாக...

"தள்ளிக்கோ. நான் பாக்கறேன்."

இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மச்சினனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். எட்டு கூட்டினதை, டீச்சர் வீட்டை, எல்லாவற்றையும். அப்போதுதான் அக்கா வெளியிலிருந்து போனோடு வந்தார். கம்பெனியில் இருந்து மெசேஜ்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. மாலை ஆறு இருபது. ஊழியர் எண் பதினேழு. குறிப்பு: கம்பத்தில் கோளாறு இல்லை.

ஆறு இருபதுக்குத்தான் அத்தான் விழுந்தார். பதினேழு நெட்டையின் எண். கீழே ஐந்து நட்சத்திரமும் மஞ்சளாக எரிந்தன.

அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலிகூட மறந்துவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்த அஞ்சும்... நான் சரி பண்ணேன்னு நெனச்சுதானே போட்ட?"

"இல்லைங்க. திடீர்னு எல்லாம் திறந்துச்சு, நான் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த உயரமானவர்தான் ஜன்னலுக்கு வெளியே நின்னு, 'அஞ்சு போட்டுடுங்க அக்கா'ன்னு மரியாதையாக் கேட்டார். அவருக்குத்தான்..."

அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். அவர்கள் வீடு மூன்றாவது மாடியில்.