கோஸிமோவின் உதடும் உங்க குரலும்

அந்த ஊதா மஃப்ளரை முதல்ல கழட்டுங்க. நடிகன் வீட்டுக்கு யாராவது ஊதா போட்டுக்கிட்டு வருவாங்களா? மேடைக்கே ஆகாத நிறம்னு எங்க தரந்தோவுல மீன் விக்கறவளுக்குக்கூடத் தெரியும். உங்களுக்கு எங்கேர்ந்து தெரியும்? மேடை ஏறியிருந்தாத்தானே! ரோம்ல ஒரு இருட்டு ரூம்ல மைக் முன்னாடி நின்னு, அடுத்தவன் உதட்டுக்குக் குரல் குடுத்தே காலத்தை ஓட்டியாச்சு.

உள்ளே விடறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை, ஃபுல்வியோ சார். இங்கேயே உக்காருங்க. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கந்தான் எங்க வீட்டுக்காரர் இருக்கார். இந்தாங்க, காபி. கோபம் வேற, காபி வேற.

ஆமா, எங்க மாப்பிள்ளைதான் உங்களுக்குப் போன் பண்ணினது. கோஸிமோவே ஏன் பேசலைன்னா? வரேன். அவசரப்பட்டா எப்படி? இத்தனை வருஷமா தொண்டையில வெச்சிருக்கேன், நான் பேசி முடிக்கிறேன் முதல்ல.

சிப்பி வளர்க்கறவர் பிள்ளை சார் அவர். மாதா கோயில் ஹால்ல நாடகம் போட ஆரம்பிச்சார், எங்க ஊர்ப் பேச்சிலேயே. குரல்னா என்னன்னு நினைச்சீங்க? துருப்பிடிச்ச படகை மணல்ல இழுத்த மாதிரி இருக்கும். அந்தக் குரல்ல அவர் ஒரு வார்த்தை சொன்னா முன் வரிசை சிரிக்கும், பின் வரிசை மூக்கைச் சிந்தும். நான் கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ. ஊர்ப் பேச்சு ஒண்ணு வாயில வந்தா முட்டியில ஸ்கேல் விழும். அப்படி அடிச்சு அடிச்சுச் சுத்தம் பண்ணின காது இது. அந்தக் காதால அவர் குரலைக் கேட்டுட்டு நேரா வீட்டுக்குப் போய், கட்டினா இவரைத்தான்னு சொன்னேன். முகத்தை அப்புறந்தான் பாத்தேன்.

ரோம் சினிமாக்காரங்களுக்கு முகம் மட்டும் போதுமா இருந்துச்சு. முதல் படத்துல டைரக்டர் என்ன சொன்னார் தெரியுமா? வசனமெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு, குரலை அப்புறம் ஒட்டிக்கலாம்னார். செத்த மகனைப் பாத்து அழற சீன் சார் அது! பதினேழு, பதினெட்டுன்னு எண்ணிக்கிட்டே அழுதிருக்கார் இந்த மனுஷன். அதுக்குப் பரிசு வேற குடுத்தாங்க.

சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

படம் எங்க ஊருக்கு வந்தப்போ குடும்பமே போனோம். அவர் வாயைத் திறந்தார். வெண்ணெய் தடவின மாதிரி உங்க குரல் வந்துச்சு. எங்க மாமியார் இருட்டுல எழுந்து நின்னு, எம் புள்ளைக்குள்ளேர்ந்து யாருடா பேசறதுன்னு கத்தினாங்க. தியேட்டரே சிரிச்சுது. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அந்தத் தலை அதுக்கப்புறம் சரியா நிமிரலை.

வழக்கம்தான், எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணினாங்க, உங்க தப்பு இல்லை... அதானே சொல்ல வரீங்க? தெரியும் சார், தெரியும். திருட்டுப் பொருளை வாங்கினவனும் அப்படித்தான் சொல்லுவான். ரொட்டிக் கடைக்காரன் இவரைப் பாத்து, படத்துல பேசின மாதிரி ஒரு வரி பேசுங்கன்னு கேட்டான். பேசினார். நல்லாத்தான் இருக்கு, ஆனா கோஸிமோ லதோர்ரே மாதிரி இல்லைன்னுட்டான்! அவர் மூஞ்சிக்கு நேரா!

அதுக்கும் மேல, ரோம்ல பெரிய மேடை கிடைச்சுது. முதல் வசனம் முடியலை, பால்கனியில ஒருத்தன், குரலை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியாடான்னு கத்தினான். சபையே உருண்டு சிரிச்சுது. மறுநாள் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்தவர்தான். அப்புறம் சினிமான்னா முகத்தைக் குடுத்துட்டு வருவார், நடிப்புன்னா இங்கே எங்க ட்ரூப்புல.

உங்களை ஒரு வார்த்தை திட்டலை சார் அவர். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். நேர்ல பாத்ததுகூட இல்லை ரெண்டு பேரும், ஆனா உங்களைத் தாங்கிப் பேசுவார். ஃபுல்வியோ நான் மூச்சு விடற இடத்துல மூச்சு விடறான், எச்சில் முழுங்கற இடத்துல முழுங்கறான், என் வாயை என் பொண்டாட்டிகூட இப்படி உத்துப் பாத்ததில்லைம்பார். என் எதிர்லயே, நான் சோறு போட்டுக்கிட்டு இருக்கும்போதே!

ம்? போன் விஷயமா? அதான் சொல்ல வரேன்.

இந்த வசந்தத்துல தொண்டையில ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துட்டாங்க. பிழைச்சுக்கிட்டார், பேச்சு போயிடுச்சு. கப்பை வைங்க சார், கம்பளத்துல கொட்டப் போறீங்க.

ஒரு சிலேட்டு வெச்சிருக்கார். அதுல உங்க பேரை எழுதினார். அழிச்சேன். மறுபடி எழுதினார். ஞாயித்துக்கிழமை எங்க ட்ரூப்பு நாடகம். அவர் மேடையில நின்னு உதட்டை அசைப்பாராம், நீங்க திரைக்குப் பின்னாடி நின்னு அவர் வாயைப் பாத்துப் பேசணுமாம். பைத்தியக்காரத்தனம்னேன். சிலேட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டறார், சின்னப் புள்ளை மாதிரி.

சரி. ஆனா உங்க வெண்ணெய்ப் பேச்சு இங்கே நடக்காது. எங்க ஊர்ப் பேச்சுலதான் பேசணும். நான் சொல்லித் தரேன், கையில ஸ்கேலோட. அந்தக் கரகரப்பு வரலைன்னா வரும்வரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு கிடையாது.

அழாதீங்க சார். மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு உள்ளே வாங்க. பரிதாபமா மட்டும் பாத்துடாதீங்க, சிலேட்டைத் தூக்கி அடிப்பார்.

இன்னொண்ணு. என்னைப் பாத்ததும் அவர் மேல் பல்லு கீழுதட்டுல லேசாப் படும், அப்புறம் வாய் கொஞ்சமாத் திறக்கும். ஃபீனான்னு என்னைக் கூப்பிடறார். அப்ப மட்டும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அது எனக்குக் கேக்குது.