தானாக வந்து சேர்ந்த காசு

மெழுகு உருக்குகிற அறையில் ஈ அண்டாது, ஐயா. இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் மேசையில்தான் மொய்க்கிறது. அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு ஓட இடமும் இல்லை, அவசரமும் இல்லை.

ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். தட்டச்சு செய்கிறவர் நான் சொன்னதைச் சொன்னபடி அடிக்கட்டும், அழகுபடுத்த வேண்டாம். முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள்மேல் சந்தேகம் இல்லை. நான் யாரையுமே நம்புவதில்லை, அவ்வளவுதான்.

கடை என் பெயரில்தான் இருக்கிறது. பின்னறையில் மெழுகுவர்த்தி வார்ப்பது நான். முன்னறையில் கணினியோடு உட்கார்ந்திருந்தது என் அக்கா மகன். மின்வெட்டு இருந்தவரை என் பிழைப்பு ஓடியது. மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியதும் ஊரே சந்தோஷப்பட்டது, நான் ஒருத்தன்தான் மின்வாரியத்தைத் திட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, உங்க மெழுகுவர்த்தி அடியில சின்னதா ஒரு குழி விட முடியுமா? மாத்திரை போற அளவுக்கு?"

"என்ன மாத்திரைடா?"

"வலி மாத்திரைதான். டாக்டர் சீட்டு கிடைக்காதவங்களுக்கு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

அவன் கடை விரித்திருந்தது இணையத்தில், சாதாரண ஆட்கள் எட்டிப் பார்க்க முடியாத ஒரு மூலையில். அங்கே விற்கிறவன் யார் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாங்குகிறவன் பொய்ப் பெயர் கொடுப்பான், பார்சல் வந்து சேர வீட்டு முகவரி மட்டும் நிஜமாக இருக்கும். காசும் அந்த ரகம்தான். டிஜிட்டல் காசு என்றான்.

"கையில பிடிக்க முடியாததெல்லாம் ஒரு காசாடா?" என்றேன்.

"இதுல உங்க பேரும் இல்ல, முகமும் இல்ல மாமா. யாரும் யாரையும் நம்பவே வேண்டாம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தான்.

கிண்டல்தான் செய்தான். ஆனால் அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க ஒருத்தனையும் நம்பாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான வியாபாரம் எங்கே கிடைக்கும்?

ஒன்றை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. வாங்குகிறவன் போடுகிற காசு நேராக எங்களுக்கு வராது. சந்தையை நடத்துகிறவன் நடுவில் பிடித்து வைத்திருப்பான். பார்சல் கைக்கு வந்ததும் வாங்கினவன் 'கிடைத்தது' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் காசு எங்கள் பக்கம் விழும், என் செல்போனில் அந்த ஆளுக்குக் கொடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வரும், பார்சல் சீட்டிலும் அதே எண்தான் இருக்கும். அழுத்தாவிட்டாலும் இரண்டு வாரம் கழித்துக் காசு தானாக வந்து சேரும். அப்போது வருவது சாம்பல் நிறம்.

முகவரிச் சீட்டைப் படிக்கக் கூடாது என்பது அக்கா மகன் போட்ட சட்டம். "படிச்சா மனசுல நிக்கும், மனசுல நின்னா வாயில வரும்" என்பான். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஒட்டுவேன். ஒரு நாள் ஒரு சீட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது. உரித்து நேராக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. அந்தத் தெரு, அந்தக் கதவு எண், மூன்றாவது மாடி. பெயர் மட்டும் யாரோ ஒருத்தனுடையது.

அந்த மாடிக்கு நான் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன், முதுகில் தையல் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு. என் சம்சாரத்தின் இயந்திரம் அது. அவள் போனபிறகு மகன் கேட்டது அதை மட்டும்தான். வாங்கி உள்ளே வைத்தான், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் கதவைச் சாத்தினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் மாத்திரைக்கு அடிமை என்று தெரிந்த அன்று சட்டையைப் பிடித்து வீட்டை விட்டுத் தள்ளினவன் நான். "செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே" என்றேன். நான் சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான், அந்த இயந்திரத்தைக் கேட்டதோடு சரி, நல்லது கெட்டது எதுவுமே சொல்லி அனுப்பவில்லை.

சீட்டை நேராக ஒட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் அந்தச் சீட்டின் எண்ணுக்குப் பச்சை விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அடுப்பில் மெழுகு கருகிப் போனது. அவன் இருக்கிறான், படியிறங்கிப் போய்ப் பார்சலை வாங்கியிருக்கிறான், விரலால் பொத்தானை அழுத்தியிருக்கிறான். என் மகன் எனக்குச் சொல்லி அனுப்பின மாதிரி இருந்தது, ஐயா. அதன்பிறகு மாதம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினான். அவன் மெழுகுவர்த்தியை மட்டும் விளிம்பு தேய்த்து, வழவழவென்று செய்து வைப்பேன். யாரோ ஒரு அயோக்கியனிடம் வாங்குவதற்கு அப்பனிடம் வாங்கட்டுமே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு சரக்கு மாறியது. "புது ஆள்கிட்ட எடுத்திருக்கேன் மாமா, பாதி விலை. வீரியம் கொஞ்சம் தூக்கல்" என்றான் அக்கா மகன். அந்த மூட்டை போக ஆரம்பித்த இரண்டு வாரத்தில் என் செல்போனில் சாம்பல் விழ ஆரம்பித்தது. முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரே வாரத்தில் மூன்று.

"சாம்பலா வருதேடா, மாப்பிள்ளை."

"மறந்திருப்பாங்க. காசு வந்துடுச்சில்ல?"

"இவங்கல்லாம் மறக்காம அழுத்துற ஆளுங்கடா. ஒருத்தர்கூடத் திரும்ப வாங்க வரல."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு மாமா இந்த ஆராய்ச்சி? போய் மெழுகை ஊத்துங்க."

போய் ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். பழைய சரக்கில் மிச்சம் கிடந்ததைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். மகனுக்கு அதிலிருந்து, மற்ற வீடுகளுக்குப் புது மூட்டையிலிருந்து.

தெரியுமா தெரியாதா என்று இரண்டு நாளாக என்னைக் கேட்கிறீர்கள். தெரியும். தெரியாதவன் எதற்குத் தனியாக எடுத்து வைக்கிறான்?

கடையை மூடியிருக்கலாம். மூடினால் அவன் வேறு கடை பார்ப்பான், பச்சை வேறு யாருக்கோ விழும். நேரில் போயிருக்கலாம், இரண்டு பேருந்து மாறினால் போதும். போய் என்ன சொல்வது? உனக்கு மாத்திரை வைத்துக் கொடுக்கிறவன் நான்தான் என்றா? அதனால் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவன் ஒருத்தனுடைய பச்சைக்காக மற்றவர்களின் சாம்பலைக் கண்டும் காணாமல் இருந்தேன். அந்த வீடுகளிலும் அப்பன்கள் இருப்பார்கள் என்று நினைக்கவில்லையா என்று கேட்டீர்கள். நினைத்தேன். சீட்டு ஒட்டும்போதெல்லாம் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் ஒட்டினேன்.

டப்பா ஒரு நாள் காலியானது. அக்கா மகன் என் மகனுடைய சீட்டை மறுபடி நீட்டினான். வெறும் மெழுகுவர்த்தியை அனுப்பினால் ஏமாற்றுக் கடை என்று விலகிவிடுவான். புது மாத்திரையை எடுத்து பிளேடால் பாதி பாதியாக வெட்டினேன். ஒவ்வொரு குழியிலும் பாதி மட்டும் வைத்தேன். பாதி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மற்ற பார்சல்களில் முழுசாக வைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பச்சை வரவில்லை. வெளியூர் போயிருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு வாரம் ஆனது. சோற்றில் கை வைத்தால் செல்போன் பக்கம் கண் போனது. "என்ன மாமா, காதலி போன் பண்ணலியா?" என்று அக்கா மகன் கேலி செய்தான். எனக்கும் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? இரண்டு வாரம் முடிந்த காலையில் அந்த எண்ணுக்கு எதிரே காசு வந்து கிடந்தது, சாம்பல் நிறத்தில்.

அன்றைக்குத்தான் உங்கள் வாசலுக்கு வந்தேன். பிடித்தோம் என்று எழுதாதீர்கள், நானாக வந்தேன். நியாயத்துக்குப் பயந்து வரவில்லை. அந்தக் கதவைத் தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, நீங்கள் தட்டுவீர்களே என்று வந்தேன். அந்த இரண்டு வாரத்தில்கூட நான் பார்சல் கட்டுவதை நிறுத்தவில்லை.

இன்று காலை சொன்னீர்கள், மற்ற வீடுகளில் எட்டுப் பேர் என்று. எட்டுப் பேரும் என் கையால்தான் செத்தார்கள். அக்கா மகன் ஓடிவிட்டான் என்பதற்காக அவன்மேல் பழி போட மாட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த வீடுகளுக்குக் கூட்டிப் போங்கள், காறித் துப்பினால் துடைக்காமல் நிற்கிறேன்.

மூன்றாவது மாடிக் கதவை உடைத்தோம், உள்ளே செத்துக் கிடந்தவரை வந்து அடையாளம் காட்டுங்கள் என்கிறீர்கள். அங்கே மட்டும் வர மாட்டேன், ஐயா. அந்தச் சீட்டில் இருந்தது வேறு யாருடைய பெயரோ. என் கையால் ஒட்டினேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பெயரில் எனக்கு யாரும் கிடையாது.