முகூர்த்த நேரத்துத் தூண்டில்

ஆதவன்: ஏய், தக்கை முங்குது பாரு... இழு, இழுடா!

செழியன்: கத்தாத! கத்திக் கத்தியே கெடுத்துட்ட. மண்புழுவ மட்டும் உருவிக்கினு ஓடிடுச்சி.

ஆதவன்: நீ போனையே பாத்துக்கினு இருந்தா மீன் என்ன, உன் மடியில வந்து உக்காருமா?

செழியன்: மணி பாத்தேன்டா.

ஆதவன்: எவ்ளோ?

செழியன்: ஏழு அஞ்சி.

ஆதவன்: முகூர்த்தம் ஏழரைலருந்து ஒம்பது.

செழியன்: தெரியும். பத்திரிகையில நானும்தான் படிச்சேன்.

ஆதவன்: உனக்காவது பத்திரிகை. எங்க வீட்டுக்கு வந்து வெக்கவே இல்ல. வாட்ஸாப்புல தட்டிவுட்டுட்டான். எங்கம்மா ஒரு வாரமா கேட்டுக்கினே இருக்கு, கலை எப்படா தட்டோட வருவான், எப்படா வருவான்னு.

செழியன்: கல்யாண வீடுடா... அலைச்சல் ஜாஸ்தி. வுடு.

ஆதவன்: வுட்டுட்டேன். கலை மேல எனக்கு ஏது கோவம்? பத்து வருஷம். வெயில் காலம் வந்தா ஒரு ஞாயித்துக்கெழம தப்பாம மூணு பேரும் தூண்டிலும் கையுமா திரிஞ்சோம். இன்னிக்குதான் மொத தடவ அவன் இல்லாம.

செழியன்: ம்.

ஆதவன்: அவன் கல்யாணத்தன்னிக்கே நாம சாத்தனூர் டேம்ல உக்காந்துனு இருக்கோம். கேக்கறவன் காறித் துப்புவான்.

செழியன்: காலையில ஒரு மணி நேரம் போட்டுட்டு நேரா மண்டபம்னு சொன்னது யாரு? நீ.

ஆதவன்: நானா? நான் உனக்கு போன் போடலாம்னு எடுக்கறேன், நீயே கூப்ட்டு மீன் புடிக்கப் போலாமான்ற!

செழியன்: ரெண்டு பேருக்கும் ஒண்ணாத் தோணிருக்கு. அவ்ளோதான்.

ஆதவன்: நேத்து சாயந்தரம் ரிசப்ஷனும் போச்சி. உன் வயித்து வலியால.

செழியன்: நெஜமாவே வலிடா. நீதான கூடவே உக்காந்து வயித்துல வெளக்கெண்ண தடவுன?

ஆதவன்: தடவுனேன். ராத்திரி பத்து மணிக்கு எழுந்து ரெண்டு புரோட்டாவும் சால்னாவும் அடிச்சியே, அப்ப வலி எங்க போச்சி?

செழியன்: நீ ஏன் என்ன வுட்டுட்டுப் போவல? நான் ஒண்ணும் உன்னக் கட்டிப் போடலியே.

ஆதவன்: ...வயித்து வலிக்காரன வுட்டுட்டு எப்பிடிப் போறது?

செழியன்: அதான பாத்தேன்.

ஆதவன்: என்ன பாத்த?

செழியன்: ஒண்ணுமில்ல. தூண்டிலப் பாரு.

ஆதவன்: வெயில் இப்பவே சுள்ளுனு அடிக்குது. தண்ணியும் கம்மி. ஜிலேபி மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிருக்கும்.

செழியன்: அப்ப கெளம்பலாமா?

ஆதவன்: கெளம்பலாம்...

செழியன்: கெளம்பலாம்னா எழுந்திரு.

ஆதவன்: எழுந்துக்கறேன்... ஒண்ணே ஒண்ணு மாட்டட்டும்டா. வெறும் பையோட போனா கலை கிண்டல் பண்ணுவான்.

செழியன்: கல்யாண மாப்ளைக்கு விரால் கொண்டுபோய்க் குடுக்கப் போறியா? காப்பு கட்டியிருக்கான், கவுச்சியே ஆவாது.

ஆதவன்: ஒரு பேச்சிக்குச் சொன்னா... சரி, ஒரு பத்து நிமிஷம்.

செழியன்: பத்து நிமிஷம் போதுமா? வேணா அர மணி நேரம் எடுத்துக்க.

ஆதவன்: நீ அவசரப்படுத்துவன்னு பாத்தா, என்ன வுட நிதானமா இருக்க!

செழியன்: எனக்கென்ன அவசரம்? தாலி கட்டறது அவன்.

ஆதவன்: என் பேனர எல்லாரும் பாத்திருப்பாங்க இந்நேரம். மூணு நாள் வேலை செஞ்சேன்டா அதுல. எங்க கடையில இவ்ளோ பெருசு யாருக்குமே அடிச்சதில்ல. நடுவுல கலை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. அவன் கையில ஒரு விரால். கீழ என்ன எழுதியிருக்கேன் தெரியுமா?

செழியன்: என்ன?

ஆதவன்: "எத்தனையோ மீன் பிடித்தாய், இன்று பூஜாவிடம் பிடிபட்டாய்!"

செழியன்: பொண்ணு பேரையும் போட்டுட்டியா?

ஆதவன்: சிரிடா.

செழியன்: சிரிக்கிறேன். நல்லாத்தான் இருக்கு.

ஆதவன்: மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது? திரும்ப வயித்து வலியா?

செழியன்: பேசிக்கினே மணி ஏழே முக்கா ஆயிடுச்சி. வா, கெளம்புவோம். இதுக்கு மேல உக்காந்தா அப்புறம் நம்மள...

ஆதவன்: நம்மள?

செழியன்: நம்மள யாரும் மதிக்கமாட்டாங்க. எழுந்திரு. வண்டிய எடு.

ஆதவன்: வண்டி உன்னுது. சாவி உன்கிட்ட.

செழியன்: என்கிட்டயா? பாக்கெட்டுலதான் வெச்சேன்... இல்லியே.

ஆதவன்: இந்தப் பாக்கெட்டு?

செழியன்: இல்ல. ஐயோ, தண்ணியில வுழுந்துடுச்சோ?

ஆதவன்: அடப்பாவி! நல்லாத் தேடு... சரி, தேடாத. பொறுமையாத் தேடு.

செழியன்: தேடாதயா, தேடவா?

ஆதவன்: சாவி கெடச்சாலும் வண்டி நவராதுடா. அங்க பாரு, பின் டயரு சப்பையா கெடக்குது.

செழியன்: காலையில நல்லாத்தான இருந்தது?

ஆதவன்: கருவேல முள்ளு ஏறியிருக்கும்.

செழியன்: பஞ்சர் கடைக்கு தண்டராம்பட்டுதான் போவணும். அங்கியும் ஞாயித்துக்கெழம எவன் தொறந்து வெச்சிருப்பான்?

ஆதவன்: எவனும் தொறந்திருக்கமாட்டான்.

செழியன்: அங்கருந்து டவுனுக்குப் போனாலும் நேத்து பௌர்ணமி. கிரிவலம் வந்த கூட்டம் கலையறதுக்குள்ள மதியம் ஆயிடும்.

ஆதவன்: ஆயிடும்.

செழியன்: நம்ம தப்பு ஒண்ணும் இல்ல.

ஆதவன்: இல்லவே இல்ல. உக்காரு. புழு இருக்குதா?

செழியன்: அந்த டப்பாவத் தொடாத! நானே எடுத்துத் தரேன்.

ஆதவன்: எதுக்கு இப்பிடிப் பதறுற? புழு டப்பாதான... இரு, போன் அடிக்குது. நம்ம கூடப் படிச்ச சடையன் போட்டோ அனுப்பியிருக்கான். மண்டபத்து வாசல்ல நின்னுனு இருக்கான்.

செழியன்: பாக்காத. வயித்தெரிச்சல்.

ஆதவன்: பேனர் தெரியுதுடா! இரு, பெருசு பண்ணிப் பாக்கறேன்... டேய்.

செழியன்: என்ன?

ஆதவன்: இது எங்க கடையில அடிச்சது இல்ல.

செழியன்: குடு பாக்கலாம்.

ஆதவன்: கலை இருக்கான். விரால் இல்ல, கையில ரோஜாப்பூ. இந்தப் பக்கம் அவங்க மாமா, அந்தப் பக்கம் பொண்ணோட பெரியப்பா. நான் இல்ல. நீயும் இல்ல.

செழியன்: நானும் இல்லியா? என்ன எதுக்குடா தூக்குனான்?

ஆதவன்: உன்னத் தூக்குனதுல ஒரு நியாயம் இருக்குது. என்ன எதுக்குத் தூக்குனான்?

செழியன்: என்னத் தூக்குனதுல என்னடா நியாயம்?

ஆதவன்: கோவப்படமாட்டியே?

செழியன்: சொல்லித் தொல.

ஆதவன்: புதங்கெழம கலை கடைக்கு வந்தான். நிச்சயத்துல நீ குடிச்சிட்டு மைக்கப் புடுங்குனியே... பத்தாவது படிக்கும்போது இவன் எவ பின்னாடி சுத்துனான்னு பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்ல கத கதையா சொன்னியே...

செழியன்: ஒரு ஜாலிக்குச் சொன்னேன்டா அது!

ஆதவன்: பூஜா ரெண்டு நாள் பேசலியாம். "கல்யாணத்துலயும் வந்து சலம்பிட்டான்னா என் மானமே போயிடும் மச்சான், அவன நீ எங்கனா இட்டுகினு போயிடு"ன்னு கையப் புடிச்சிக் கெஞ்சினான். எனக்கு மட்டும் அவன் தாலி கட்டறதப் பாக்க ஆச இல்லியா? இருந்தாலும் அவன் நிம்மதியா கட்டட்டும்னு... டயர்ல காத்த எறக்குனது நான்தான்டா.

செழியன்: ஹா... ஹாஹா...

ஆதவன்: ஏன்டா சிரிக்கிற? அடிக்கறதுன்னா அடிச்சிடு.

செழியன்: அந்தப் புழு டப்பாவத் தொற. அடியில கையவுடு.

ஆதவன்: என்ன இது... சாவி! நீதான் ஒளிச்சி வெச்சியா?

செழியன்: நான்தான். வயித்து வலியும் பொய்தான். அவன் உன்கிட்ட புதங்கெழம வந்தானா? வேங்கிக்கால்ல என் மொபைல் கடைக்கு செவ்வாக்கெழமயே வந்துட்டான். "ஆதவன இட்டுகினு எங்கனா போயிடு"ன்னான்.

ஆதவன்: என்னயா?

செழியன்: உன்னதான்.

ஆதவன்: அட பரதேசி! உன்னப் பாத்துக்க நானு, என்னப் பாத்துக்க நீயா! ரெண்டு கொரங்கையும் ஒரே கயித்துல கட்டி டேமுக்கு அனுப்பிட்டு அவன் ஜம்முனு மாலை மாத்தறானா? எழுந்திரு. பம்பு என் பையிலதான் இருக்குது. காத்த அடிச்சா அஞ்சி நிமிஷம். நேரா மேடைக்கே போறோம்.

செழியன்: வேணாம்டா.

ஆதவன்: என்ன வேணாம்? அவன் சட்டையப் புடிச்சிக் கேக்கறேன். கேட்டுட்டு, பந்தியில உக்காந்து ஒரு புடி புடிச்சிட்டுதான் வருவேன்.

செழியன்: வேணாம் ஆதவா. நான் சொல்றதக் கேளு. உக்காரு.

ஆதவன்: என்னப் பத்தி என்ன சொன்னான்?

செழியன்: அத வுடேன்.

ஆதவன்: சொல்லு.

செழியன்: நீயும்... குடிச்சிட்டு கலாட்டா பண்ணுவன்னு.

ஆதவன்: டேய். பீர் வாசன பட்டாலே எனக்குக் கொமட்டும். அது அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

செழியன்: தெரியும்டா... வுட்டுடு.

ஆதவன்: சொல்லலன்னா நடந்தே போயிடுவேன். அவன் வாயாலயே கேட்டுக்கறேன்.

செழியன்: போவாதடா, உன் கால்ல வேணா வுழறேன்! நிச்சயத்தன்னிக்குப் பந்தியில பொண்ணோட பெரியப்பா பக்கத்துல நீ உக்காந்தல்ல... அப்புறமா விசாரிச்சிருக்காரு. அந்தப் பையன் எந்தத் தெருன்னு.

ஆதவன்: கலை என்ன சொன்னானாம்?

செழியன்: காலனின்னு சொல்லியிருக்கான். "கல்யாணப் பந்தியிலயும் அவன் உக்காந்தா எங்க ஜனம் மொத்தமும் எழுந்து போயிடும்"னாராம் அவரு.

ஆதவன்: பத்து வருஷமா எங்கம்மா கையால துன்னவன்டா அவன். மீன் கொழம்பு எங்க வீட்டுலதான் நல்லாருக்கும்னு சட்டிய வழிச்சி வழிச்சித் துன்னவன்... அவனுக்கு வாயில வரலியாடா, "என் பிரெண்டுய்யா அவன்"னு?

செழியன்: இதத்தான் நானும் கேட்டேன்.

ஆதவன்: கேட்டியா?

செழியன்: கேட்டேன். கன்னத்துல ஒண்ணு வுட்டேன்டா. கடைக்கு வந்தவங்க எல்லாம் பாத்தாங்க.

ஆதவன்: அப்புறம்?

செழியன்: அழுதான். கல்யாணமே நின்னுடும்டான்னு அழுதான்... சரி, நீ மண்டபத்துக்கு வராம நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்.