மடிப்புக் கலையாத தார்ப்பாய்

— ஏனுங்க, சட்டிய நடு ஹால்லயே வெக்கட்டுங்களா?

— நடுவுல வேண்டாம் வேலாமணி. கொஞ்சம் செவுத்தோரமாத் தள்ளி வை. நடுவுல இருந்தா வேணும்னே வெச்ச மாதிரி தெரியும்.

— வேணும்னேதானுங்க வெக்கறோம்.

— அது நமக்குத் தெரியும். மதிப்புப் போட வர்ற எஞ்சினியருக்குத் தெரியோணுமா? கூரை ஒழுகுது, நாம சட்டி வெச்சிருக்கறோம். அவ்வளவுதான்.

— இந்த வாரம் பூரா வெயில் அடிக்குதுங்களே. சட்டிக்குத் தண்ணி?

— கொழாயில புடி. அரைச் சட்டி போதும்... இரு இரு, கொழாத் தண்ணி பளிங்காட்டம் இருக்குது. ரெண்டு சிட்டிகை மண்ணப் போடு.

— ரசத்துக்கு உப்புப் போடற மாதிரியே சொல்றீங்க.

— கிண்டலா? பதினோரு மணிக்கு ஆளு வந்துருவாருன்னு நீதான சொன்ன?

— ஆமாங்க. அவரு போன் பண்ணறப்ப நீங்க குளிச்சுட்டிருந்தீங்க. நாந்தான் பேசி நாள் குறிச்சேன்.

— அப்பக் கையக் கால அசை. ரோஜாத் தொட்டியெல்லாம் எடுத்தாச்சா?

— பொடக்காலிக்குக் கொண்டுபோயிட்டேன். வாசல்ல பூத்துக் கெடந்ததக் கொல்லப்பக்கம் ஒளிக்கறதுக்கு மனசே வரலீங்க.

— கீசரு?

— காலைல அதக் கழட்டிக் கட்டிலுக்கடியில தள்ளினது நீங்க. அப்புறம் பச்சத் தண்ணியில குளிச்சுட்டு நடுங்கினதும் நீங்கதான்.

— ஒரு நாளு நடுங்கினா ஒண்ணும் ஆயிராது.

— மரகதம் பாவமுங்க. திருப்பூர்ல ஒத்த ரூம்பு வாடகை ஊட்டுல, ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு...

— பாவந்தான். நான் இல்லைங்கலையே? எங்கப்பன் கட்டுன ஊடு, எந்தங்கச்சிக்குப் பாதி. எஞ்சினியரு எழுதற மதிப்புல பாதியக் கையில குடுத்து இந்த ஊட்ட நானே வெச்சுக்கறேன். அந்த மதிப்பு கொஞ்சம் கம்மியா வரட்டும்ங்கறேன். இதுல என்ன பாவம் வந்துச்சு?

— அவ அந்தப் பாதிய நம்பித்தான் ஒரு சின்ன ஊடு வாங்கறதுக்குப் பேசி வெச்சிருக்கறாளாம்.

— சின்ன ஊடுதான? அதுக்குக் கம்மியே போதும்.

— ...அடேங்கப்பா.

— கேளு. அவரு வெளிய நின்னு நல்ல காத்தோட்டமான எடம்னு சொல்லுவாரு. நீ உடனே கரடி தொல்லைன்னு ஆரம்பிச்சரோணும்.

— நம்ம தெருவுக்குக் கரடி வந்ததே இல்லீங்களே.

— வந்தா என்ன, வராட்டி என்ன? காட்டெருமை வேலியப் பிரிச்சுப் போட்டுருச்சுன்னும் சேத்திக்க.

— கீழூட்டுப் பாண்டியராஜ், ஜன்னல்ல இருந்து காட்டெருமை பாக்கலாம்னு சொல்லித்தான் டூரிஸ்ட்டுக்கு ரூம்பு வாடகைய ஏத்தறாரு. நாம பாட்டுக்குச் சொல்லி மதிப்பு ஏறிறப் போவுதுங்க.

— ...சரி, காட்டெருமை வேண்டாம். கரடி மட்டும்.

— கரடி மட்டும். இந்தச் செவுத்துக்கு?

— அடுப்புல டஸ்ட்டு டீ கொதிக்குதில்ல, எறக்கி ஆற வை. சாக்க அதுல நனைச்சு, மேல இருந்து கீழ ஒத்தி எடு. தேய்க்காத. ஒத்தோணும். காஞ்சுதுன்னா, ஓதம் ஏறின செவுரு தோத்துப் போகும்.

— இந்த வித்தையெல்லாம் எங்கீங்க கத்துக்கிட்டீங்க?

— மார்க்கெட்ல ஒருத்தரு சொன்னாரு.

— எந்த ஒருத்தரு?

— உனக்குத் தெரியாது. நீ ஒத்து.

— ...டீ வாசம் வருதுங்களே.

— ஜன்னலத் தொறந்துடு. போயிரும்.

— போகாதுங்க. எங்கண்ணன் ஊட்டுல போகல.

— என்னது?

— கோத்தகிரியில. எங்கப்பன் ஊட்டுல எம்பட பாகத்துக்கு மதிப்புப் போட வந்தாங்களே, அன்னிக்கு. செவுரெல்லாம் ஓதம். கை வெச்சுப் பாத்தேன், டீ வாசம். அண்ணன் டீ பேக்டரியில வேல பாக்கறவரு, சட்டையில ஒட்டின தூளு செவுத்துலயும் ஒட்டியிருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

— மலையில எல்லா ஊட்டுலயும் ஓதம் இருக்கும் வேலாமணி.

— சட்டியும் இருந்துச்சுங்க. செவுத்தோரமா.

— ஒழுகுனா சட்டி வெக்காம என்ன பண்ணுவாங்க?

— நான் அழுதுட்டேங்க அன்னிக்கு. கூடப் பொறந்தவன் இப்பிடி ஒழுகற ஊட்டுல கெடக்கறான், நான் பாகம் கேட்டு வந்து நிக்கறேனேன்னு. அவங்க எழுதினதுக்கு மறுபேச்சுப் பேசாமக் கையெழுத்துப் போட்டேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து பஜ்ஜி தின்னுட்டு வந்தீங்க.

— பசிச்சுது. இப்ப எதுக்கு அந்தக் கதை? நேரமாவுது. நான் கூரைக்கு ஏறறேன், நீ வந்து ஏணியப் புடி. நேத்து வாங்கியாந்த தார்ப்பாய்க் கட்டு வாசல்ல கெடக்குது, அதையும் எடுத்துக்க. மேல விரிச்சு நாலு கல்ல வெச்சா வேல முடிஞ்சுது.

— நேத்துக் கோத்தகிரிக்கு வேலையாப் போனப்ப வாங்கினதுங்களா?

— ஆமா, ஆமா. கடையில. ஏணியப் புடிச்சுட்டியா?

— புடிச்சுட்டுத்தானுங்க இருக்கேன்... புதுசாட்டமே இருக்குதுங்களே. மடிப்புக்கூடக் கலையல.

— நல்லதாப் போச்சு. மேல குடு.

— இந்த முடிச்சு...

— பிரிக்க வேண்டாம், அப்பிடியே குடு. நான் பாத்துக்கறேன்.

— இது கயிறு இல்லீங்க. எம்பட மாம்பழக் கலர் சேலையோட கரை. சேல கிழிஞ்சப்ப, உதவும்னு கரைய மட்டும் கிழிச்சு வெச்சிருந்தேன்.

— ...எல்லாக் கரையும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

— கையெழுத்துப் போட்டுட்டு வந்த மறுநாளே, மார்க்கெட்டுக்குப் போயி தார்ப்பாய் வாங்கி, இந்தக் கரையால கட்டிக் கோத்தகிரி பஸ்ஸுல போட்டு உட்டேன். மழ வர்றதுக்குள்ள அண்ணன் கூரைக்குப் போடட்டும்னு. அவரு முடிச்சக்கூட அவுக்கலீங்களே.

— வேலாமணி...

— ஒழுகற ஊட்டுல, இத்தன நாளு இது எங்கீங்க இருந்துச்சு?

— ...அட்டாலியில.

— அட்டாலியில. பரண் மேல போட்டு வெச்சிருந்தாரு. ஒரு சொட்டு ஒழுகியிருந்தா எறக்கியிருப்பாருல்ல?

— மச்சான் ஏதோ அந்த நேரத்துக்கு... மனுசன்னா அப்பிடித்தான்.

— மார்க்கெட்ல சொன்ன அந்த ஒருத்தரு, எங்கண்ணன் லிங்கசாமிதானுங்களா?

— ...ஆமா.

— உங்ககிட்ட அவரு சொன்னது, நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— ஏணிய ஆட்டாத.

— நான் ஆட்டலீங்க. கெட்டியாத்தான் புடிச்சிருக்கேன். முன்னாடியா, பின்னாடியா?

— ...முன்னாடி.

— பக்கத்துல நின்னீங்க. பேனாவ எடுத்துக் குடுத்ததே நீங்கதான்.

— மச்சான் கையப் புடிச்சுக் கெஞ்சினாரு. உங்க ஊட்டுல மரகதம் பாகம் கேக்கறப்ப, எல்லா வழியும் நானே சொல்லித் தர்றேன் மாப்ளைன்னாரு. குடும்பம்னா ஒருத்தருக்கொருத்தரு உதவி...

— நல்ல உதவி. நீங்க ரெண்டு பேரும் கையக் குலுக்கிக்கிட்டீங்க. போனது என்னுதும் மரகதத்துதும்.

— நமக்காகத்தான் பண்ணறேன். நாளைக்கு இந்த ஊடு நம்ம புள்ள கிருத்திக்குத்தான?

— எம்பட பாகம் மட்டும் யாருக்கு வந்திருக்குமுங்க? அதுவும் கிருத்திக்குத்தான். அத நெனைச்சே பாக்கலீங்களா?

— இல்ல.

— எனக்கு இதுதானுங்க தாங்கல. அண்ணன் ஏமாத்தினது கூடப் பெருசில்ல. அவன் புத்தி எனக்குச் சின்னதுல இருந்தே தெரியும். நீங்க அந்த பஸ்ஸுல, நான் எதுக்கு அழுவறேன்னு தெரிஞ்சும்...

— தப்புத்தான். தப்புத்தான் வேலாமணி. சாயங்காலம் என்ன வேணாலும் திட்டு. இப்ப... கேளு, வாசக் கேட்டத் தொறக்கற சத்தம். ஆளு வந்துட்டாரு. நீ போயி மூஞ்சியத் தொடச்சுக்க. கூரை ஒழுகுதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

— எஞ்சினியரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாருங்க.

— ...என்ன?

— நீங்க கோத்தகிரி பஸ் ஏறின பொறவு. மரகதமும் கூட வந்திருந்தா. வாசல் பூரா ரோஜா. கீசர்ல சுடுதண்ணி. நீங்க நிக்கற எடத்துலயே அவரும் ஏறி நின்னு பாத்துட்டு, நல்ல கெட்டியான கூரைன்னு எழுதிக்கிட்டாரு. உங்ககிட்ட நாந்தான் நாள மாத்திச் சொன்னேன்.

— அடிப்பாவி! ஊட்டையே நாசம் பண்ணிட்டு நிக்கறேனே... காலைல இருந்து பாத்துட்டுத்தான இருந்த?

— பாத்தேன். போன வாரம் டஸ்ட்டு டீ வாங்கி வை, செவுத்துக்கு வேணும்னீங்க. அப்பவே எனக்கு எங்கண்ணன் ஊட்டு வாசம் அடிச்சிருச்சு. ஆனாலும், இன்னிக்காவது வேண்டாம்னு நீங்களா நிறுத்துவீங்களான்னு ஒரு நப்பாசை. ஒவ்வொரு தொட்டியா எடுக்கறப்பவும் உங்க மூஞ்சியத்தான் பாத்தேன்.

— ...அப்ப வாசக் கேட்டுக்கிட்ட நிக்கறது யாரு?

— எங்கண்ணனுங்க. நாந்தான் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன்... வாங்கண்ணா, வாங்க! செவுத்துல சாஞ்சுறாதீங்க, டீ இன்னும் காயல. ஊடு ஒழுகுதுங்களாம், அந்தச் சட்டியோரமா உக்காருங்க. உங்களுக்குன்னு வாங்கின தார்ப்பாய் திரும்பி வந்திருக்குது, விரிச்சுப் போடறேன்.