அப்பா போனுக்கு வந்த ஓடிபி

பெத்தவங்களே, உங்களுக்கு சட்டம் சொல்லித் தரச் சொல்லி, இந்த ஸ்கூல்ல படிக்கிற என்னை மேடையேத்திட்டாங்க. சட்டம்னா கொட்டாவி வரும்... அதனால ஒரு குட்டிக் கதை. வேண்டாம்னாலும் சொல்வேன், மைக் என் கையில!

பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவங்க சோசியல் மீடியாவுல கணக்கு தொடங்கணும்னா, பெத்தவங்க சம்மதம் வேணும்ங்குது சட்டம். நல்ல சட்டம்தானே? நானும் கை தட்டினேன். ஆனா ஒரு சந்தேகம்... அந்தச் சம்மதத்தைக் குடுக்கிறது யாரு?

கோவில்பட்டியில வெல்டிங் பட்டறை வச்சிருக்கார் அந்தோணிராஜ். மகள் ஷெர்லின், எட்டாம் வகுப்பு. அவர் போனுக்கு வர்றதெல்லாம் இங்கிலீஷ். கேஸ், பேங்க், கரண்ட் பில்... எது வந்தாலும், "ஏ பாப்பா, இது என்னன்னு பாரு!" அந்த வீட்டு ஓடிபி அதிகாரி ஷெர்லின்தான்.

அவ ஒரு ஆப்ல சேர்ந்தா. பெற்றோர் சம்மதம் கேட்டு அப்பா போனுக்கு ஓடிபி வந்துச்சு.

"என்ன பாப்பா?"

"கேஸ் புக்கிங்ப்பா."

"சரி, போடு."

போட்டா! அப்பா சம்மதத்தை மகளே மகளுக்குக் குடுத்தாச்சு.

ரெண்டே வாரத்துல ஒரு 'அக்கா' பழக்கமானாங்க. போட்டோவுல முகம் இல்ல, ரோஜாப்பூ... ரோஜாவை நம்பலாமா? முதல்ல படிப்பு பத்திக் கேட்டாங்க. அப்புறம் யூனிபார்ம்ல போட்டோ கேட்டாங்க. அப்புறம்... "சனிக்கிழமை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வா. அப்பாகிட்ட மூச்சு விடாதே. வரலேன்னா நம்ம பேசினதெல்லாம் உங்க ஸ்கூலுக்குப் போகும்."

ஷெர்லின் பயந்துபோய் ஆப்ல இருந்த புகார் பட்டனை அமுக்கினா. ஆப்காரங்க என்ன பண்ணாங்க? பெத்தவருக்குத் தகவல் அனுப்பினாங்க... இங்கிலீஷ்ல!

அந்தோணிராஜ் போனை நீட்டினார். "ஏ பாப்பா, இது என்னன்னு பாரு."

'உங்கள் பிள்ளை ஆபத்தில் இருக்கலாம்.'

ஷெர்லின் வாசிச்சா... மனசுக்குள்ள.

"என்ன பாப்பா?"

"கே... கேஸ்ப்பா."

"சிலிண்டர் நேத்துதானே வந்துச்சு?"

அந்த ஒரு சந்தேகம்! அவ உடைஞ்சு அழுது, எல்லாத்தையும் சொல்லிட்டா. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தோணிராஜும் போலீசும் போனாங்க. அக்காவுக்கு மீசை இருந்துச்சு.

இப்ப சொல்லுங்க... சட்டம் பூட்டைப் போட்டு, சாவியை உங்க போனுக்கு அனுப்புது. போன் யார் கையில? எங்க கையில! விளம்பரத்தை மட்டும் அழகான தமிழ்ல அனுப்புறவங்களுக்கு, எச்சரிக்கையைத் தமிழ்ல அனுப்பத் தெரியாதா? சந்தேகப்படுங்க! ஆப்பைச் சந்தேகப்படுங்க, ரோஜாப்பூவைச் சந்தேகப்படுங்க... இங்க நின்னு பேசுற என்னையும்தான். வந்த மெசேஜை எழுத்துக்கூட்டியாவது நீங்களே வாசிங்க. புரியலையா? டீச்சர்கிட்ட கேளுங்க, பக்கத்துக் கடையில கேளுங்க. இன்னிக்கே, இப்பவே எடுங்க போனை...

ஐயோ, கடைசி வரிசை அண்ணாச்சி! மகன்கிட்ட நீட்டாதீங்க... நீங்க பாருங்க!