பிடிவாதக்காரன் இல்லாத போர்டு

“இந்த எட்டுக்கால் பூச்சிக்கு அப்படி என்னடி தெரியும்?” என்று அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

விரல் நகம் அளவுள்ள கறுப்புச் சில்லு அது. பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள். கம்பேரேட்டர் என்று பெயர். அதற்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும் என்றேன். ஒரு காலில் ஒரு மின்னழுத்தம், இன்னொரு காலில் இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு பெரிது, ஏன் பெரிது என்றெல்லாம் அது கவலைப்படாது.

“உன்னை மாதிரிதான்னு சொல்லு. கேட்டதுக்கு மட்டும் பதில்” என்று அக்கா சிரித்தாள்.

உண்மைதான். எனக்குக் கூச்ச சுபாவம். ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த வருடமே அம்மா இறந்துபோனாள். “வீட்டுலயே இரு பாப்பா, உனக்குக் கை நடுங்கல, அது போதும்” என்றார் அப்பா. அன்றிலிருந்து ஐந்து வருடமாக முன் அறையில் உட்கார்ந்து, அப்பா செய்து விற்கும் பெட்டிகளுக்கு ஈயம் உருக்குகிறேன். தொட்டி நிறைந்தால் கூவும் பெட்டி, பேட்டரி வடிந்தால் துண்டிக்கும் பெட்டி, கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி. எல்லாவற்றின் வயிற்றிலும் அதே பூச்சிதான்.

அப்பா நல்லவர். வெளியே போகும்போது என் பாதுகாப்புக்காகக் கம்பிக் கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போவார். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். பூட்டு விழும் சத்தத்தை வைத்தே அவர் என்ன மனநிலையில் போகிறார் என்று சொல்லிவிடுவேன்.

அக்கா கல்யாணமாகிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்ச நாள் பொறுடி, உன்னை அங்கேயே கூட்டிக்கிறேன்” என்றாள். ஒரு வருடம் பொறுத்தேன். அதன் பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போகவிருந்த கேஸ் பெட்டியில் கை வைத்தேன்.

கேஸ் பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. கேஸை மோப்பம் பிடிக்கும் உணர்வானிலிருந்து வரும் மின்னழுத்தமும் நாம் திருகி வைத்த எல்லையும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பூச்சி திண்டாடிப் போகும். இது பெரிது, இல்லை அது பெரிது என்று நொடிக்குப் பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லும். அதற்குத்தான் ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்போம். பூச்சி சொன்ன பதிலில் துளியூண்டை அதன் காலுக்கே திருப்பிவிடும். ஒருமுறை முடிவு செய்தால் பிறகு லேசில் மாறாது. அப்பா அதற்கு வைத்த பெயர் பிடிவாதக்காரன். “பிடிவாதக்காரன் இல்லாத போர்டு என் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது” என்பார்.

அக்கா வீட்டுக்கான போர்டை அப்பாவே செய்து முடித்தார். அவர் குளிக்கப் போயிருந்தபோது நான் பிடிவாதக்காரனைச் சூடாக்கி எடுத்தேன். எல்லைத் திருகைச் சுத்தமான காற்றுக்கு ஒரு மயிரிழை மேலே வைத்தேன். இனி யாரும் தொடக் கூடாது என்பதற்கு அடையாளமாகத் திருகின் தலையில் வழக்கம்போல ஒரு சொட்டு சிவப்புச் சாயம். மூடியைப் போட்டு நான்கு ஆணிகளையும் முடுக்கினேன்.

கெடுதல் எதுவும் நினைக்கவில்லை. கேஸ் கசிந்தால் அந்தப் பெட்டி கட்டாயம் கத்தும். கசியாதபோதும் கத்தும், அவ்வளவுதான் வித்தியாசம். குக்கர் ஆவிக்குக் கத்தும். ஜன்னலைச் சாத்தினால் கத்தும். திக்குவாய் மாதிரி விட்டு விட்டுக் கத்தும்.

பெட்டியை மாட்டிய முதல் சனிக்கிழமையே அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. “நம்ம சாமான் கத்துச்சுன்னா நாமதான் போய்ப் பார்க்கணும்” என்று அப்பா பூட்டைத் திறந்து என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அச்சகம், சைக்கிள் கடை, பள்ளிக்கூட மதில், அதற்கு மேலே எட்டிப் பார்த்த மரம், எல்லாவற்றையும் பார்த்தேன். அக்கா தலை பின்னிவிட்டாள். முட்டை பொரித்துப் போட்டாள். நான் திருகைக் கால் சுற்று திருப்பினேன். ஒரு வாரத்துக்குச் சத்தம் இருக்காது என்று கணக்குப் போட்டே திருப்பினேன். அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் போன் வந்தது.

“வாங்க ரிப்பேர் மேடம்” என்பார் அத்தான். “நீங்க வந்தா மட்டும் பயந்துக்கிட்டு வாயை மூடிக்குது. எனக்கு அந்த வித்தையைக் கத்துக் குடுங்களேன், உங்க அக்காகிட்ட உதவும்.”

பதினொரு சனிக்கிழமைகள் அப்படிப் போயின.

பிறகு போன் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். பெட்டியைச் சோதிக்கும் நாள் வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நானாகவே போனேன்.

சமையலறைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பெட்டி கூடத்து அலமாரியின் மேல் கிடந்தது.

“கோவிச்சுக்காதீங்க மேடம்” என்றார் அத்தான். “வாயை மூட மாட்டேங்குது. வயரைப் புடுங்கி மேல வெச்சுட்டேன். இப்பதான் வீடு வீடா இருக்கு.”

அக்கா என்னை உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தாள். “உனக்கும் அலைச்சல் மிச்சம்டி. இனிமே வாராவாரம் இதுக்காக ஓடி வர வேண்டாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நாலு மாசம்டி எனக்கு. உன்னைக் கூட்டிக்கிறேன்னு சொன்னேன்ல, இந்த ஒரு ரூமுல குழந்தையையும் வெச்சுக்கிட்டு எப்படிடி? நீயே சொல்லு” என்றாள்.

“சரிக்கா” என்றேன்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். கேஸ் வாசனை வந்தது. மிக லேசாகத்தான். ஐந்து வருடமாகச் சோதனைக்கு லைட்டர் வாயுவை மோந்து பழகிய மூக்கு என்னுடையது. குனிந்து பார்த்தேன். சிலிண்டர் தலைப்பில் குழாய் விரிசல் விட்டிருந்தது, நகத்தால் கீறியதுபோல.

பிடிவாதக்காரன் என் பையில் இருந்தான். ஹேர்பின் டப்பாவில் போட்டு எப்போதும் கூடவே வைத்திருந்தேன். ஈயம் வைக்கும் கருவியும் இருந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் சரியாக வேலை செய்யும் பெட்டிக்காக யாரும் போன் செய்யப் போவதில்லை. குழாயைப் பற்றிச் சொல்லியிருந்தால் அத்தான் அன்றே மாற்றியிருப்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு வேலையே இருந்திருக்காது.

வாசனை கூடினால் பயந்து கூப்பிடுவார்கள், பெட்டியைத் திரும்ப மாட்டச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். நியாயமான நினைப்புதானே. அக்காவுக்கு அன்று கடுமையான ஜலதோஷம். பேச்செல்லாம் மூக்கால்தான் வந்தது. அதையும் கவனித்தேன்.

போனுக்காக ஞாயிறு முழுக்கக் காத்திருந்தேன். திங்களும் காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, அத்தான் வேலைக்குப் போன பிறகு, அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விசாரிக்க வந்தவர்கள் குழாய் பழசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். பதினாறாம் நாள் அத்தான் அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

“சும்மா சும்மா கத்துச்சு மாமா. நான்தான் புடுங்கினேன். என் கையாலதான் புடுங்கினேன்” என்று அழுதார்.

அவர் போன பிறகு அப்பா மூடியைத் திறந்து போர்டைத் திருப்பினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் மேல் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார்.

“நான் மறந்துட்டேனா பாப்பா?” என்றார் முதலில். “வயசாயிடுச்சு. பிடிவாதக்காரனைப் போட மறந்து, என் பொண்ணை நானே...”

பிறகு கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். போட மறந்த துளையில் ஈயம் பட்டிருக்காது, செம்பு புதிதாக இருக்கும். எடுத்த துளையில் வெள்ளி வளையம் மாதிரி பழைய ஈயம் ஒட்டியிருக்கும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இந்த வீட்டில் அந்தக் கருவியைப் பிடிக்கிற கைகள் நான்குதான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறை, திருகு, சனிக்கிழமைகள், குழாய், ஜலதோஷம். சொல்லும்போது நாக்கு ஒட்டவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஹேர்பின் டப்பாவைத் திறந்து பிடிவாதக்காரனைப் போர்டின் பக்கத்தில் வைத்தேன்.

“அஞ்சு நிமிஷ வேலைப்பா” என்றேன். “போட்டுடவா?”

அப்பா எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்பிக் கதவைத் தாண்டித் தெருவில் இறங்கினார். வழக்கமான பூட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் கதவை விரியத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.